சாவியும் சான்றிதழும்

சுடலைச்செல்வி பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல். ரிசல்ட் வந்த மறுநாள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் ஆள் எப்போதும்வென்றான் கிராமத்துக்குக் காரில் வந்து இறங்கினார். படிப்பு, விடுதி எல்லாம் இலவசமாம். அசல் சான்றிதழ்களை மட்டும் இன்றே கொடுத்துவிட வேண்டுமாம்.

பருத்திக்காட்டு வேலைக்குப் போகும் அம்மா சொர்ணத்தாய், "குடுத்துருட்டி, வீடு தேடி வந்திருக்காவ" என்றாள்.

கொடுத்துவிட்டால், கலந்தாய்வில் அரசுக் கல்லூரி கிடைத்தாலும் சேர முடியாது.

"திருப்பிக் கேட்டா உடனே தருவீங்களா, அண்ணாச்சி?" என்று கேட்டாள் சுடலைச்செல்வி.

"எங்ககிட்ட பத்திரமா இருக்கும்மா."

"அப்ப ஒங்க கார் சாவிய இங்கன வச்சுட்டுப் போங்க. அதுவும் பத்திரமா இருக்கும்."

அவர் சிரித்தார். ஆனால் கட்டில்மேல் கிடந்த சாவி அவர் சட்டைப்பைக்குள் போனது.

இப்போது அவள் திருநெல்வேலியில் அரசுக் கல்லூரியில் படிக்கிறாள். சேர்ந்த அன்று, எழுத்தர் சரிபார்த்த சான்றிதழ் கைக்குத் திரும்பும்வரை அவர் மேசையைவிட்டு அவள் நகரவில்லை.