செல்லாத மூன்று ஓட்டுகள்

2011 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். குளித்து, இரண்டு வேட்டிகளைத் துவைத்துக் காயப்போட்டு, நான்கு இட்லி சாப்பிட்டு, சிதம்பரத்தில் ஆறு பத்து பஸ்ஸைப் பிடித்துக் குமராட்சிப் பக்கம் போனேன். பள்ளி ஆசிரியர்களான எங்களுக்கு அன்று உள்ளாட்சித் தேர்தல் ஓட்டு எண்ணும் வேலை.

என் மேஜைக்கு வந்தது நான் முன்பு வேலை பார்த்த ஊரின் பெட்டி. அங்கே தலைவராக இருந்த அம்மாள் மறுபடி நின்றிருந்தார்; சின்னம் பூட்டு சாவி. ஐந்து வருடங்களுக்கு முன், இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் கணவர் நிறுத்தி ஜெயித்தவர். ஜெயித்த பிறகு கணவரை ஆபீஸ் நாற்காலியில் உட்கார விடவில்லை. நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் கைநாட்டு வைப்பதைப் பார்த்து, சாயங்காலம்தோறும் சிலேட்டோடு உட்கார்ந்து கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தார். இன்னார் மனைவி என்று அழைத்த ஊர், அதன்பிறகு பிரசிடெண்டம்மா என்றது.

எண்ணி முடித்தபோது இரண்டு ஓட்டில் தோற்றிருந்தார். மூன்று இளஞ்சிவப்புச் சீட்டுகளை நான் செல்லாதவற்றில் வைத்திருந்தேன். மூன்றிலும் முத்திரை பூட்டு சாவி மேல் சரியாக விழுந்திருந்தது. பக்கத்திலேயே, கோணாமல், முழுக் கையெழுத்து. ஓட்டு போட்டவர் யாரென்று தெரிந்தால் அந்தச் சீட்டு செல்லாது.

விஷயத்தைச் சொன்னதும், கம்பி வலைக்கு அப்பால் நின்ற எதிராளியின் ஏஜெண்ட், பக்கத்தில் நின்ற அம்மாளைப் பார்த்துச் சிரித்தார். "கையெழுத்து போடக் கத்துக்குடுத்தீங்க, எங்க போடக்கூடாதுன்னு கத்துக்குடுக்கலியேக்கா!"

"ஆமாம்பா, அந்தப் பாடத்த விட்டுட்டேன்" என்றார் அம்மாள்.

அவருடைய ஏஜெண்ட், கணவரின் தம்பி, கொதித்தார். "பேரப் படிங்க சார்! மூணு பேரையும் கோர்ட்டுல சாட்சி ஏத்துறோம். அண்ணி, இது நம்ம ஓட்டு, நாமதான் ஜெயிச்சிருக்கோம்!"

"படிக்காதீங்க சார்." அம்மாள் வலையைப் பிடித்துக்கொண்டார். "எந்த வூட்டுப் பொம்பளயோ, புருஷன் எந்தப் பக்கமோ. எனக்கு ஓட்டு போட்டதுக்கு அவ ஏன் அடி வாங்கணும்?"

"பதவி போவுது அண்ணி."

"போவட்டும். பேர் மேல வெரல வச்சு மறச்சுக் காட்டுங்க சார், போதும்."

அப்படியே காட்டினேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எழுத்து நல்லா வந்துருக்கா சார்?"

"நல்லா வந்திருக்கும்மா."

தலையாட்டிவிட்டு, ஜெயித்த பெண்ணுக்கு வணக்கம் சொல்லப் போனார். இருபது வருடத் தேர்தல் பணியில் நான் எழுந்து நின்று அனுப்பிய வேட்பாளர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைய எண்ணிக்கைகளை டைரியில் எழுதினேன். எதையும் விடாமல் எழுதும் பழக்கத்தில் அந்த மூன்று பெயர்களையும் எழுதிவிட்டேன். மறுநாள் காலை, பல் துலக்குவதற்கு முன், அவற்றை ஓரெழுத்தும் தெரியாதபடி கறுப்பு மையால் அடித்தேன்.