கை வைத்தால் ஏறும் தண்ணீர்

வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுப்பதென்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்தபோது என்னிடம் கேட்கவில்லை. நாளைக்கு எனக்குக் கல்யாணம் ஆனால் இடம் வேண்டுமே, அதற்காகத்தான் என்றார்கள். பெரியதாழையில் கடலை ஒட்டிய கடைசித் தெரு எங்களுடையது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்த காலத்தில் எங்களுக்கு முன்னால் இன்னொரு தெரு இருந்தது.

பாலிடெக்னிக் முடித்துத் தூத்துக்குடியில் வேலைக்கு வந்த பிறகு ஒரு பழக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது. போனில் காற்றின் வேகம், அலையின் உயரம் எல்லாம் பார்ப்பேன். சாப்பிடும்போதும் பார்ப்பேன், பஸ்ஸிலும் பார்ப்பேன். வங்காள விரிகுடாவில் எங்கேயாவது ஒரு சுழி தெரிந்தால் உடனே அம்மாவுக்குப் போன். "இங்கன வெயிலு மண்டையப் பொளக்கு, நீ என்னல சொல்லுத?" என்பாள்.

மாடி வேண்டாம், மெயின் ரோட்டுப் பக்கம் இடம் பார்ப்போம் என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன்னப் படிக்க வச்சது பயப்படுததுக்கால?" என்றார். "அலைய மறிக்கத் தூண்டில் வளைவுன்னு அம்புட்டுக் கல்லு கொட்டியிருக்கான். அத மீறி அலை வருமா?" அதோடு பேச்சு முடிந்தது. கொத்தனார் வந்து அளந்துவிட்டும் போனார்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஓர் ஓவியர் அக்கா வந்தார். பீச் ரோட்டுப் பக்கம் சும்மா கிடந்த உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் கண்காட்சி வைக்கப்போவதாகவும், வயரிங் வேலைக்கு ஆள் வேண்டும் என்றும் வேலை பார்த்த இடத்தில் சொன்னார்கள். போனேன். நீளமான ஒரு தொட்டி. அதில் கடல் தண்ணீர். தினமும் காலையில் நான்தான் குடத்தில் மொண்டு வந்து ஊற்றுவேன். தண்ணீருக்குள் கண்ணாடி வட்டம் ஒன்று, அதற்கடியில் சென்சார். அதற்கான புரோகிராமையும் அக்கா என்னையே எழுதச் சொன்னார். உள்ளங்கையை அதன்மேல் வைத்தால் நாடித்துடிப்பை எடுத்து, எதிர்ச்சுவரில் நீல வெளிச்சமாகக் கடலைக் காட்டும். நெஞ்சு படபடத்தால் சுவரில் தண்ணீர் ஏறும், அடங்கினால் இறங்கும். கடலை நினைத்து ஆளாளுக்கு உள்ளே வைத்திருக்கும் பதற்றத்தை நாலு பேராகச் சேர்ந்து நின்று பார்க்கட்டும் என்பது அக்காவின் எண்ணம்.

சோதித்துப் பார்க்க நான் கை வைத்தபோதெல்லாம் நீலம் உத்தரம் வரைக்கும் போய் நின்றது. "தம்பி, நீ கைய எடு. உன்னால ஊரே முழுகிடும் போல" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு யோசனை வந்தது. அப்பாவிடம் நான் சொல்லி எடுபடாததை இந்தச் சுவர் சொன்னால்? கடலைப் பற்றி அவருக்குள்ளும் ஒரு பயம் இல்லாமலா இருக்கும்? அவர் கையை ஒருமுறை இதில் வைக்க வைத்துவிட்டால் போதும், மாடிப் பேச்சு நின்றுவிடும் என்று நம்பினேன்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், நான் கூப்பிட்டபடி அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறி வந்தார்கள். கிட்டங்கி வாசலில், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள். அப்பா தொட்டிக்கு முன்னால் குனிந்து, விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். அம்மாவும் அப்படியே செய்தாள். பிறகு இருவரும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் இருட்டாகவே இருந்தது.

"கரண்டு போயிட்டோ?" என்றார் அப்பா.

எனக்குத்தான் காரணம் தெரிந்தது. கடலில் கால் வைக்குமுன் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். அன்று காலை குடத்தை முக்கும்போது நானும் செய்திருந்தேன். ஆனால் புரோகிராம் எழுதியபோது, பட்டவுடன் விலகும் தொடுதலைத் தண்ணீர் தெறித்ததாக எடுத்துத் தள்ளிவிடு என்று எழுதியவனும் நானேதான். கண்காட்சிக்கு வந்த டவுன்காரர்கள் எல்லோரையும் கண்டுகொண்ட மிஷின், எங்கள் வீட்டு ஆட்களை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

"எப்பா, கைய எடுக்காம உள்ளயே வச்சிருக்கணும்."

"ஊறப்போட இது என்ன கருவாடால?" என்று சொல்லிக்கொண்டே கையை வைத்தார். நீலம் எழுந்தது. முழங்கால் உயரத்துக்கு வந்து, அங்கேயே லேசாக அசைந்துகொண்டிருந்தது. சென்சாரில் கோளாறோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். அதே முழங்கால்.

"நல்ல மிஷினுல இது" என்றார். அலை வராது என்று அன்றைக்கு அவர் சொன்னது வீம்புக்கு இல்லை. அவருக்கு உண்மையிலேயே பயமில்லை. என் திட்டம் அத்தோடு தீர்ந்தது.

"தள்ளுங்க, நானும் பாக்கேன்" என்று அம்மா கை வைத்தாள்.

நீலம் இடுப்புக்கு வந்தது. கதவு உயரத்தைத் தாண்டியது. உத்தரத்தைத் தொட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் துடித்தது.

"ஏளா, வெயில்ல நடந்து வந்தேல்லா. மூச்சு வாங்குது, அதான்" என்றார் அப்பா.

அம்மா கையை எடுக்கவில்லை. "நடந்ததுக்கில்ல. கடல் பொங்குத மாசத்துல நான் எங்க உறங்குதேன்? நீங்க கொறட்ட விட்டுக்கிட்டுக் கெடப்பிய. எனக்கு ஒவ்வொரு அலையும் நடுவீட்டுல வந்து விழுத மாரி இருக்கும்."

"பொறவு எதுக்கு மாடி மாடின்னு என் உயிர எடுத்த?"

"தண்ணி வந்தா ஏறி நிக்கதுக்குத்தான். பயமா இருக்குன்னா சிரிப்பிய. பையன் கல்யாணம்னா கட்டுவியல்லா."

அப்பா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய்க் கொத்தனாருக்குப் போன் போட்டது உள்ளே கேட்டது. "அண்ணாச்சி, நாளைக்கு வராண்டாம். சாமான் கெடக்கட்டும். இல்ல... இடமே மாறுதுன்னு வச்சுக்கிடுங்க." உள்ளே வந்து என்னைப் பார்த்தார். "ரோட்டுப் பக்கம்னா எங்கனல? இன்னைக்கே பாத்துருவோம், வா."

இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை நாள் அலைந்தேன்! கேட்டும் நெஞ்சு அடங்கவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டு அவர்களோடு பஸ் ஏறினேன். குலசேகரன்பட்டினம் தாண்டியதிலிருந்து அப்பா ஜன்னலோரம் கண்ணில் பட்ட காலி மனைகளையெல்லாம் காட்டிக்கொண்டே வந்தார். ஒன்றிலும் அவர் மனம் நிற்கவில்லை.

"இம்புட்டுத் தள்ளி இருந்தா ராத்திரி காத்து மாறுனா எப்படித் தெரியும்?"

"தெரியாண்டாம்" என்றாள் அம்மா.

 எங்கள் ஊருக்கு இன்னும் தூரம் இருந்தது. அதற்குள் அப்பா எழுந்துபோய் பஸ் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடல் பக்கத்துக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நின்றார்.