வியாழக்கிழமை போட்ட கார்டு

ஆஸ்பத்திரியில் நடந்த அந்தப் பேச்சை அழகுமீனா ஹாஃபிஸாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு சொல் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

செவ்வாய்க்கிழமை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறை வெடித்தது. அழகுமீனாவின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. வியாழக்கிழமை காலை போர்மேன் சங்கரபாண்டியன் ஒரு பை ஆப்பிளோடு கட்டில் ஓரம் வந்து நின்றான்.

"என்ன புள்ள, சாப்பிட்டியா?"

"எந்தக் கையால சாப்பிட, அண்ணாச்சி?"

"வாய் மட்டும் அப்படியே இருக்கு. சரி, ஆதார் எங்கன இருக்கு?"

"எதுக்கு?"

"காப்பீட்டுக் கார்டு போடத்தான். கார்டு இருந்தா வைத்தியம் பூராம் கவர்மெண்ட் பாத்துக்கிரும். மொதலாளியே சொல்லி விட்டிருக்காக."

"பதினோரு வருசமா வேலைக்கு வாரேன். அப்பல்லாம் அவுகளுக்கு என் நெனப்பு வரலையாக்கும்?"

"கேலி பேசாத. விரல நீட்டு."

அவள் இடது கையை நீட்டினாள். அவன் மையைத் தடவி, இரண்டு தாள்களில் பெருவிரலை உருட்டி எடுத்தான். மிச்ச மையை அவளுடைய வலது கைக்கட்டின் ஓரத்திலேயே துடைத்துவிட்டுப் போனான்.

ஏன் ரேகை கொடுத்தாள் என்று கேட்க முடியாது. அந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள். விடியுமுன் வேனில் ஏற்றுகிறவனும், சாயங்காலம் இறக்கிவிடுகிறவனும் போர்மேன்தான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் வரை எல்லாவற்றுக்கும் அவனிடம்தான் தாள்களைக் கொடுத்து வைத்திருப்பார்கள். அழகுமீனா ஆமத்தூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். புருஷன் திருப்பூர் போனவன், திரும்பவில்லை. இரண்டு பெண்களையும் அந்த வேனை நம்பித்தான் வளர்த்தாள்.

ஹாஃபிஸா விருதுநகரில் வழக்கறிஞர் யோகேஸ்வரியிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மனு தட்டச்சு செய்கிறவள். இழப்பீடு கேட்டு மாநிலத் தொழிலாளர் துறையின் விசாரணை மன்றத்தில் போட்ட முதல் மனுவை அவள்தான் அடித்தாள். கம்பெனி வக்கீல் சிரித்தபடி எழுந்து அந்தக் கார்டின் நகலை நீட்டினார். மனுதாரர் மத்திய அரசின் காப்பீட்டில் இருக்கிறார். காப்பீட்டில் இருப்பவரின் வழக்கை விசாரிக்க இந்த மன்றத்துக்கு அதிகாரம் கிடையாது என்றார். சட்டமும் அப்படித்தான் இருந்தது. மனு திரும்பியது.

காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் வடையை மென்றுகொண்டே தாளைப் பார்த்தார். எண்ணெய் விரல் தேதியின் மேல் பதிந்தது.

"விபத்து செவ்வாய். கார்டு வியாழன். அப்ப விபத்தன்னைக்கு நீங்க எங்க ஆளு இல்ல. மாநிலத்துக்காரங்ககிட்ட போங்க."

அங்கே போனால் இங்கே, இங்கே வந்தால் அங்கே. ஒன்றரை வருடம் ஓடிப்போயிற்று. இரண்டு வருடத்துக்குள் ஏதாவது ஓரிடத்தில் வழக்கு நிற்காவிட்டால் பிறகு எங்குமே நிற்காது. அது சங்கரபாண்டியனுக்கும் தெரியும். ஒருநாள் மன்றத்துத் தாழ்வாரத்தில் இருவரையும் வழிமறித்தான்.

"ரெண்டு ஆபீசும் ஒன்னச் சேத்துக்கிடாது புள்ள. மொதலாளி குடுக்குறத வாங்கிட்டுப் போ."

அவன் மேலிருந்து சென்ட் வாசனை வந்தது. ஹாஃபிஸா மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அழகுமீனா திருப்பவில்லை.

"ஏன் அண்ணாச்சி, ஒங்க கையில மை காஞ்சிருச்சா?"

அன்று பஸ் ஏறும்போது அவள் ஹாஃபிஸாவிடம் சொன்னாள்: "வாயால இல்லேன்னு சொல்லிச் சொல்லித்தான தொரத்துதாக? அத எழுதித் தரச் சொல்லு."

யோகேஸ்வரி மேடம் சரியென்றார். ஹாஃபிஸா காப்பீட்டு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் அடித்தாள். ஆறு வாரம் கழித்து ஆங்கிலத்திலேயே பதில் வந்தது: விபத்து நாளில் இவர் காப்பீட்டில் இல்லை. ஒரே ஒரு வாக்கியம். அதைத் தமிழாக்கி, ஆஸ்பத்திரிச் சீட்டோடு சேர்த்து, மறுபடி மாநில மன்றத்தில் மனு போட்டார்கள். கம்பெனி வக்கீல் பழையபடி எழுந்தார்.

"செவ்வாய்க்கிழமை கை போன அம்மாவுக்கு வியாழக்கிழமை எதுக்கு சார் கார்டு போட்டீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

வக்கீல் தாள்களைப் புரட்டினார். கெடுவுக்கு மூன்று மாதம் இருக்கையில் வழக்கை ஏற்று எண் கொடுத்தார்கள். விசாரணை இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அழகுமீனா முதல் பஸ்ஸில் வந்து முன்வரிசையில் உட்கார்கிறாள்.

அந்த இரண்டாவது மனுவைப் போடுவதற்கு முந்தைய நாள், ஹாஃபிஸா அதை அவளுக்கு வாசித்துக் காட்டினாள். கடைசி வரி, 'கருணை கூர்ந்து ஏழைக்கு இரங்குமாறு பணிந்து வேண்டுகிறேன்.'

"இது என்னத்துக்கு?"

"எல்லா மனுவுலயும் இப்படித்தான் முடிப்போம்க்கா."

அழகுமீனா இடது கைப் பெருவிரலை அந்த வரியின் மேல் வைத்தாள்.

"நான் யார்ட்டயும் பிச்ச கேக்கல தங்கச்சி. அந்த வரிய மட்டும் எடுத்துரு."