தீனித் தட்டை இறக்கிய பிறகு

"கொஞ்சம் வாய மூடிட்டுப் பாருங்க சார். நீங்க பேசறதைக் கேக்கப் பறவைங்க இங்க வரல" என்று சொல்லிக்கொண்டே கொட்டாவியை விழுங்குகிறார் வழிகாட்டி அக்கா. வசந்தம் வந்துவிட்டால் பறவைகள் சரணாலயத்தில் அவருக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. வலசை வந்த வாத்துகளைவிட, பார்க்க வந்தவர்களின் சத்தம்தான் அதிகம்.

அக்கா எங்கள் பக்கத்து வீடு. அவருடைய பைனாகுலரின் வார் அறுந்து வெகுநாளாகிறது. ஷூ லேஸ் கட்டி ஒப்பேற்றுகிறார். தூரத்துக் கூட்டத்தைக் காட்டி யாராவது என்ன பறவை என்று கேட்டால், கால் வலிக்கிற நாளில் "எல்லாம் நமக்கு வேண்டப்பட்டவங்கதான்" என்பதோடு சரி.

அவர் கணவர் லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு ஜன்னலோரக் கட்டிலோடு கிடக்கிறார். ஜன்னலுக்கு வெளியே தொங்கும் தீனித் தட்டுதான் அவருக்கு உலகம். அதில் வந்து கொத்தும் குருவிகளுக்குச் சண்டைக்காரன், அவசரக்குடுக்கை, மாப்பிள்ளை என்றெல்லாம் பட்டப்பெயர். "மாப்பிள்ளைகூட வந்துட்டுப் போயாச்சு, நீ இன்னும் வரல" என்று போனில் அக்காவை விரட்டுவார்.

இந்த வசந்தத்தில் குருவிகளுக்குக் கண் வீங்கும் நோய். ஒரே தட்டில் கூடித் தின்றால் தொற்றும். "வீட்ல தீனித் தட்டு வச்சிருந்தா கழட்டிடுங்க, கொஞ்ச நாளைக்குத்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை கட்டும்வரை அக்கா சொன்னார். அவர் வீட்டுத் தட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பொறுக்காமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லிடறேன். அவர்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?" என்றார். கேட்டிருக்க வேண்டாம் என்று இருந்தது.

நேற்று தட்டுக்குக் கீழே ஒரு குருவி, கண்ணைத் திறக்கவோ பறக்கவோ முடியாமல் உட்கார்ந்திருந்தது. வேலையிலிருந்து வந்த அக்கா அதைப் பார்த்தார். பையை வைக்கவில்லை, வெயில் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, எக்கித் தட்டை இறக்கினார்.

"அதையும் எடுத்துட்டா நான் எதைம்மா பாக்கறது?" ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நோய் பரவுதுங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க."

கணவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா குருவியை ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு சமையலறை முக்காலியைத் தூக்கிவந்து, தட்டு தொங்கிய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் தொடாத ரொட்டியைப் பையிலிருந்து எடுத்து மெல்ல ஆரம்பித்தார். மென்றபடியே கண் சொருகியது.

வெகுநேரம் கழித்து உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"தொப்பியக் கழட்டேன். முகமே தெரியல."

அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முக்காலியை ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திப் போட்டார்.