பாதிக் கிணறு

சென்ற மாதம் ஸ்ரீவராகம் கோவில் தெருவில் ஒரு வீட்டின் முன்னால், அதை முதல்முறையாகப் பார்ப்பவள்போல நின்றுகொண்டிருந்தேன். பழைய தெருக்களை நடத்திக் காட்டும் ஒரு குழுவோடு போகவேண்டும் என்று என் மகள் கேட்டிருந்தாள். அவளாக என்னிடம் எதையாவது கேட்பது இப்போதெல்லாம் அபூர்வம். அதனால் லீவு போட்டுவிட்டு, நாங்கள் இப்போது இருக்கும் கழக்கூட்டத்திலிருந்து கூடவே வந்தேன். வழி காட்டிய பையன் நான் பிறந்து வளர்ந்த வீட்டைச் சுட்டி, முகப்பு கொஞ்சமும் மாறாமல் காக்கப்பட்டிருக்கிறது என்றான். எல்லோரும் படம் எடுத்தார்கள். வீடு எங்கள் கையைவிட்டுப் போய் வருடங்கள் ஆகின்றன. யாரோ மரத்தூண்களுக்கு நன்றாக எண்ணெய் பூசியிருந்தார்கள். நான் மட்டும் எதிர்வீட்டு நிழலில் போய் நின்றுகொண்டேன். என்னம்மா என்று மகள் கேட்டாள். வெயில் என்றேன்.

அந்த முகப்பு காக்கப்பட்டபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

எங்கள் தெரு வீடுகள் ரயில் பெட்டிகள்போல ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. கொல்லைக் கிணறும் அப்படித்தான். எல்லைச்சுவர் கிணற்றின் வாய்க்கு மேலே பாலம்போலக் குறுக்கே போகும். இந்தப் பாதி எங்களுக்கு, அந்தப் பாதி பக்கத்து வீட்டுக்கு. கீழே தண்ணீர் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு மாமா ஒரு கோடையில் ஓடு மாற்றினார். அடுத்த மழையில் பொதுச்சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கி, எங்கள் கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை நனைத்துவிட்டது. பிழை ஓட்டிலா சுவரிலா என்று அவரும் அப்பாவும் தர்க்கித்தார்கள். முடிவு காணாமல் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆண்கள் நிறுத்திவிட்டால் வீடு முழுவதும் நிறுத்தவேண்டும் என்பது எங்கள் தெருவின் வழக்கம். கோவிலில் எதிர்ப்பட்டால் அம்மாவும் அந்த வீட்டு மாமியும் ஆளுக்கொரு சன்னிதியைப் பார்த்தபடி கடந்து போவார்கள்.

ஆனால் விடிகாலையில், அப்பா எழுந்திருப்பதற்கு முன், இரண்டு பக்கமும் வாளிக்கயிறு இறங்கிக் கப்பி உருளும்போது கதை வேறு. சுவர் முகத்தை மறைக்கும். குரல் கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீரைத் தொட்டு, அந்தப் பக்கம் ஏறும்.

"என்னடி, மாவு அரைச்சாச்சா?"

"எங்கே மாமி. உளுந்து பொங்கவே மாட்டேங்கறது."

"உங்காத்து உளுந்தாக்கும். உங்காத்து மனுஷர் மாதிரி, லேசுல இளகாது."

அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வித்துரா என்ற மலையோர ஊரின் சந்தையில் ஓட்டல் நடத்தியவரின் மகள் அவள். அந்தத் தெருவில் வேறு யாரும் அவளை இப்படி உரிமையோடு கேலி செய்து நான் கேட்டதில்லை. இதை அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் நான் சொன்னதில்லை. உளுந்தைப் பற்றியும் கறிவேப்பிலையைப் பற்றியும் பேசுவதில் ரகசியம் என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன்.

அப்பா வீட்டைப் புதுப்பிக்கத் தீர்மானித்தார். முன்பக்கத்தை இடித்து மாடி எழுப்ப வேண்டும். பின்கட்டில் எங்கள் பாதிக் கிணற்றை மூடி, அதன்மேல் பாத்ரூம். அந்தச் சமயம் பார்த்து, கோவிலைச் சுற்றிய பழைய தெருக்களில் முகப்பை மாற்றக்கூடாது என்று ஒரு விதி வந்தது. ஒரு பெண் இன்ஜினியரும் கேமராவோடு ஓர் ஆளும் வீடு வீடாக வந்தார்கள். அப்பா சண்டைக்குத் தயாராக நின்றார். அந்த அம்மாளோ எங்கள் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு வேலைப்பாட்டை இந்தப் பக்கத்தில் கண்டதில்லை என்று மலையாளத்தில் உருகிவிட்டாள். அதுவரை வீட்டைக் 'கரையான் கொட்டாரம்', கரையான் குடியிருக்கும் அரண்மனை, என்று ஏசிக்கொண்டிருந்த அப்பா, தூணைத் தானே செதுக்கியவர்போல முன்னால் வந்து நின்றுகொண்டார். முன்பக்கம் தப்பியது.

அம்மா வெளியாட்கள் முன்னால் வருகிறவள் இல்லை. அன்று காபியை அவளே கொண்டுவந்தாள்.

"மேடம், கொல்லையில ஒரு கிணறு இருக்கு. இந்த வீட்டைவிடப் பழசாக்கும். அதையும் எழுதிக்கணும்."

"அது சும்மா பாதிக் கிணறு மேடம்," என்றார் அப்பா.

இன்ஜினியர் மறுக்காமல் கொல்லைக்கு வந்தாள். எட்டிப் பார்த்தாள். "எந்து பங்கி!" என்று அதன் அழகை வியந்தாள். சுவருக்கு அப்பால் உருண்டுகொண்டிருந்த கப்பி நின்றுபோயிற்று. அம்மாவின் கை கிணற்றுச் சுவரை அழுத்திப் பிடித்திருந்தது.

"பட்சே சேச்சி, இது ரோட்டில் நின்னு காணில்லல்லோ."

தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத எதுவும் அவர்கள் விதிக்குள் வராது. அவள் நல்லவள். அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போனாள்.

அன்று சாப்பாட்டின்போது அம்மா வேறு வழி தேடினாள்.

"மடியாச் சமைக்கக் கிணத்துத் தண்ணிதான் வேணும் கேட்டேளா."

"உங்கப்பா ஓட்டல்ல என்ன மடி பார்த்தா? தெருவே பைப்புத் தண்ணியிலதான் சமைக்கறது."

நான் அப்பாவின் கட்சி. இருட்டில் கொல்லைக் கோடிவரை போகவேண்டியிராத ஒரு பாத்ரூம் எனக்கும் வேண்டியிருந்தது. அம்மாவுக்குத் திடீரென்று எங்கிருந்து இந்த மடி ஆசாரம் வந்தது என்று வியந்தேன்.

ஸ்லாப் போடும் நாளில் அவள் கடைசியாக ஒன்று கேட்டாள். கிணற்றை முழுதாக அடைக்கக்கூடாது, மூச்சு விட ஒரு துளையாவது வேண்டும். மார்த்தாண்டத்துக் கொத்தனார் தலையாட்டினார். "அம்மா சொல்லுதது சரிதான் சார். அடைச்சா வீட்டுக்கு ஆகாது." வீட்டுக்கு ஆகாது என்றபின் அப்பா எதிர்க்கவில்லை. பாத்ரூம் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துளை விட்டு, கம்பிவலை பதித்தார்கள்.

முதல் காலை அம்மா எல்லோருக்கும் முன்னால் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் பிரஷ்ஷோடு வெளியே நின்றேன். பக்கத்தில் கப்பி உருண்டது. மாமி ஏதோ கேட்டாள். துளை வழியாக வந்தது பேச்சாக இல்லை. பானைக்குள் வண்டு சுற்றுவதுபோல ஓர் ஓசை.

"கேக்கலை மாமி."

மறுபடியும் அதே ஓசை.

"என்ன மாமி? என்ன சொன்னேள்?"

குரலை உயர்த்தினால் கூடத்தில் அப்பாவுக்குக் கேட்கும். சில காலைகள் இப்படிப் போயின. பிறகு அந்தப் பக்கம் கேட்பது நின்றது. கப்பி மட்டும் உருண்டது.

அதற்கப்புறம் அம்மா உள்ளே போனதும் புதுக் குழாயை முழுக்கத் திறந்துவிட ஆரம்பித்தாள். தண்ணீர் சிமெண்டுத் தரையில் கொட்டிக்கொண்டே இருக்கும். வீணாகிறது என்று அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். அவள் மூடமாட்டாள். நெடுநேரம் கழித்து வெளியே வரும்போது சேலையில் ஈரம் இருக்காது, வாளியும் காலியாகவே இருக்கும், கண்கள் மட்டும் சிவந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிட்டது. அம்மாவுக்கு அதன்மேல் அத்தனை ஆசை, திறந்தால் மூடவே மனசு வராது.