மணல் தூள் அறையில் வளர்மதி அக்கா

வளர்மதி அக்காவின் கணவர் நேற்றுக் காலையில் கைபேசியில் அழைத்தார். "அவ போயிட்டாம்மா" என்றார். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்தே பயந்துகொண்டிருந்த அழைப்புதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆய்வகத்தில் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தோம். மணலிலும் கிணற்று நீரிலும் உள்ள கதிரியக்கப் பொருள்கள் உமிழும் ஆல்பா துகள்களை அளப்பது எங்கள் வேலை. அக்கா மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவர். மணல் மூட்டை இறக்க வரும் லாரி ஓட்டுநரிடம்கூடக் கருவியின் திரையைக் காட்டி, "ஒவ்வொண்ணுக்கும் ஒரு சக்தி கீது நைனா. அத வச்சே இது யுரேனியம், இது தோரியம்னு சொல்லிடுவோம்" என்பார்.

ஆல்பாவை ஒரு காகிதம் தடுத்துவிடும். ஆனால் அதை உமிழும் தூள் மூச்சோடு உள்ளே போய்விட்டால் ஆபத்து. மணலை அரைத்துச் சலிக்கும் அறைக்குள் அதனால்தான் முகமூடியோடு போவோம். அந்த அறை முதலில் என் பொறுப்பில் இருந்தது. நான் கருவுற்றதைச் சொன்ன அன்றே அக்கா என் கையிலிருந்த சல்லடையை வாங்கிக்கொண்டார்.

"நீ மிஷினாண்ட போய் குந்து. தூள் வேலய நான் பாத்துக்கறேன்."

குழந்தை பிறந்து நான் திரும்பியபோது, "பால் குடுக்கறவ, இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்" என்றார். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்த வேலை அவரிடமே இருந்தது. நானும் அதைத் திரும்பக் கேட்டு வாங்கவில்லை.

அக்கா ஒருநாளும் முகமூடியில்லாமல் உள்ளே போனவரில்லை. நோய் எதனால் வந்தது என்று மருத்துவர்களாலும் சொல்ல முடியவில்லை. கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது, "அந்த ரூம்ல நான்தானேக்கா இருந்திருக்கணும்" என்று அழுதுவிட்டேன்.

"அளந்து பாத்தியாடி?" என்றார், மூச்சு வாங்க. "அளக்காம ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதுவியா நீ? இத மட்டும் இன்னாத்துக்கு எழுதிகினு கீற?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் அன்றிரவும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேற்று மாலை அஞ்சலி செலுத்த மகளையும் அழைத்துப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா இன்னும் சிறுத்துப்போயிருந்தார். "இவங்க யாரும்மா?" என்று மகள் கேட்டாள். அக்கா உயிரோடிருக்கையில் ஒருமுறைகூட அவளை அழைத்துவந்து காட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உன் பெரியம்மா. கும்பிட்டுக்கோ."

அவள் கண்களை இறுக மூடிக் கைகூப்பினாள். பாருங்கள் அக்கா, அந்தத் தூளிலிருந்து நீங்கள் காத்த பிள்ளை இவள்தான். போய் வாருங்கள்.