தோரணத்தில் ஒரு வெறும் பொட்டலம்

ஐம்பத்தெட்டாம் வருஷம் தவக்காலத்தில் என் மகள் பிலோமி சாகக் கிடந்தாள். ஆறு வயசு. விஷக்காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பிள்ளை எதையும் விழுங்கவில்லை. கஞ்சி கொடுத்தால் கடைவாயில் வழியும். "இனி அவளா கேட்டுத் தின்னாத்தான் உண்டு" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆண்டவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

என் வீட்டுக்காரர் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவர். சேசு உயிர்த்தெழுந்த பாஸ்கா திருநாளுக்கு எங்கள் வீட்டில் மிட்டாய்த் தோரணம் கட்டுவோம். ஆரஞ்சு மிட்டாயைக் கலர்த்தாளில் மடித்து, மல்லிகை தொடுப்பது மாதிரியே வாழைநாரில் தொடுப்போம். தவக்காலம் முழுக்க இனிப்பைத் தொடமாட்டோம். பாஸ்கா பூசை முடிந்துதான் தோரணத்தை அவிழ்ப்போம். அதற்கு முன்னால் கை வைக்கிற பிள்ளைக்கு என்னிடம் அடி நிச்சயம்.

பாஸ்காவுக்கு முந்தின நாளான அந்தப் பெரிய சனிக்கிழமை எனக்குக் கையே ஓடவில்லை. "தோரணம் ஒண்ணுதான் இப்பக் குறைச்சலாங்க?" என்றேன்.

"கட்டுவோம் புள்ள. அவ பார்க்கட்டும்" என்றார்.

மூத்தவன் அந்தோணி தாள் வெட்டினான். நான் மடித்தேன். அவர் தொடுத்தார். பிலோமியின் பாய்க்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் தாழக் கட்டினோம். முழங்காலில் விழுந்து அழுதேன். "சேசுவே, பசிக்குதுன்னு அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும்." வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பனும் மகனும் பூசைக்குப் போனார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பி வந்தவர் தோரணத்தை அவிழ்க்கப் போய், ஒரு பொட்டலத்தின் முடிச்சைப் பார்த்து நின்றார்.

"ஏலே அந்தோணி, இதை அவுத்தியா? இது என் முடிச்சு இல்லையே."

"நான் தொடலப்பா."

அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மிட்டாய் இல்லை.

பாயிலிருந்து சன்னமாகக் குரல் வந்தது. "நாந்தாம்மா. பசிச்சுச்சு. அடிக்காதம்மா."

அடிக்கவா? மிட்டாய்ச் சாயம் ஒட்டியிருந்த அந்த உதட்டை முத்தி முத்தி அழுதேன். அன்றைக்கே கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். சேசுவின் கல்லறை வெறுமையாக இருந்ததைக் கண்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதுவரை செபத்தை வாய் சொல்லும், மனசு அடுப்படியில் இருக்கும். இப்போது பெற்ற தகப்பனிடம் கேட்கிற மாதிரிக் கேட்கிறேன். அழுதுகொண்டிருக்கிற என் சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். கோபம் இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள், தாங்கிக்கொள்வார்.

ஒவ்வொரு பாஸ்காவுக்கும் தோரணத்தில் ஒரு பொட்டலத்தை வெறுமையாகவே கட்டுகிறோம். அதைப் பிலோமிதான் மடிக்கிறாள்.